ஐந்து டிகிரிக்கு மேலே

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்டிருந்த மகளின் கையுறைகளை எடுத்தேன். ஈரம் போகவே இல்லை. உள்ளங்கையை அந்த இரும்பின் மேல் வைத்துப் பார்த்தேன். மற்ற நாளில் இரண்டு நொடிக்கு மேல் வைக்க முடியாது, சுட்டுவிடும். அன்று பத்து வரை எண்ணினேன். இருபது வரை எண்ணினேன். கை அப்படியே இருந்தது.

வெளியே மைனஸ் ஐம்பத்து மூன்று. ஜன்னலுக்கு அப்பால் பனிமூட்டம் சுவர் மாதிரி நின்றது. எதிர் வீடு தெரியவில்லை. முற்றத்தில் எந்நேரமும் எஞ்சின் ஓடியபடி நிற்கும், பக்கத்து வாசல் ப்ரொகோப்பியின் மினி பஸ்ஸும் தெரியவில்லை, அதன் சிவப்பு விளக்கு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பள்ளிகளுக்கு மூன்றாவது நாளாக விடுமுறை. யாகுட்ஸ்க்கில் ஜனவரி மாதம் இதையெல்லாம் யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ரேடியேட்டர் ஆறிப்போனால்தான் பேசுவோம்.

கதவு இடிபட்டது. கீழ்த்தளத்து மூன்றாம் எண் வீட்டு லுகேரியா. ஐம்பத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை. குட்டையான உருவம், எட்டு வீட்டுக்குக் கேட்கிற குரல்.

"அனிஸி, உன் வீட்டுல எப்படி இருக்கு?"

"ஆறிப்போச்சுக்கா."

"எல்லா வீட்டுலயும் அதே கதைதான். புள்ளைக்கு இன்னும் ரெண்டு சட்டையை மாட்டிவிட்டுட்டுக் கீழ வா. குழாய் மேஸ்திரி வந்திருக்கான்."

என் கணவர் வடக்கே சுரங்கத்தில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. அந்த மாதம் அங்கே. மகளைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் ஒப்படைத்தேன். அவள் தன் பிள்ளைகளோடு சேர்த்து என் மகளையும் இரண்டு தெரு தள்ளி இருக்கும் தங்கை வீட்டுக்கு அழைத்துப் போனாள். அது புதிய கான்கிரீட் கட்டடம், வேறு குழாய்வழி. எங்களுடையது அறுபது வருடத்து மரவீடு. இரண்டு மாடி, இரண்டு வாசல், பதினாறு குடும்பம். இங்கே எல்லா வீடும் போல இதுவும் தூண்கள் மேல் நிற்கிறது. அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகும் உயரத்துக்கு இடைவெளி. சூட்டுத் தண்ணீர்க் குழாய்கள் அதன் வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறுகின்றன.

படிக்கட்டு அடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடியிருந்தோம். மேஸ்திரியின் பெயர் க்ளிமென்டி. இமைமயிரில் பனி ஒட்டி வெள்ளையாக இருந்தது. பேசும்போது ஒரு கண்ணை விரலால் தேய்த்துத் திறந்துகொண்டான்.

"தெருமுனையில மெயின் குழாய் ரெண்டு அடிக்கு வாய் பிளந்துடுச்சு. வெட்டி எடுத்துப் புதுத் துண்டு வெச்சுப் பத்தவைக்கணும். இந்தக் குளிர்ல ஏழெட்டு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் உங்களுக்குச் சூடு கிடையாது. அதனால இப்பவே உங்க வீட்டுத் தண்ணிய இறக்கி விட்டுடணும்."

"இறக்கலைன்னா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நின்ன தண்ணி ஒரு மணி நேரத்துல உறைஞ்சிடும். ரேடியேட்டர் ஒண்ணு விடாம வெடிக்கும். இறக்கிட்டா குழாயாவது மிஞ்சும்."

"சரி, இறக்கிடுற," என்றாள் லுகேரியா. "திரும்ப எப்ப ஏத்துவ?"

"வேலை முடிஞ்சதும்."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு, க்ளிமென்டி."

அவன் தன் கம்பளி பூட்ஸைப் பார்த்தான்.

"மே மாசம்," என்றாள் அவள். "அவன் சொல்ல மாட்டான். நான் சொல்றேன். மே மாசம்."

அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். காலியான குழாய் வெளிக்குளிரை அப்படியே வாங்கிக்கொள்ளும். அதில் மறுபடி தண்ணீரை விட்டால் முதல் வளைவிலேயே பனிக்கட்டியாகி அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வருடமும் நகரத்தில் ஏதாவது ஒரு பழைய வீட்டுக்கு இப்படி ஆகிறது. குடும்பங்கள் உறவினர் வீட்டுத் தரைகளில் சிதறிப்போய்விடும். வீடு வசந்தம் வரை இருட்டாக நிற்கும்.

"எனக்கு ஏற்கெனவே நடந்திருக்கு," என்றாள் லுகேரியா. இதை எங்களிடம் அவள் அதற்குமுன் சொன்னதே இல்லை. "நான் இங்க வர்றதுக்கு முன்னாடி இருந்த வீடு. டிசம்பர்ல தண்ணிய இறக்குனாங்க. ரெண்டே நாள்னாங்க. என் வீட்டுக்காரருக்கு அப்பவே உடம்பு சரியில்லை. நாத்தனார் வீட்டு நடையில மடக்குக் கட்டில் போட்டுப் படுத்திருந்தாரு. போறவங்க வர்றவங்க எல்லாம் அவரு காலைத் தாண்டித்தான் போவாங்க. ஏப்ரல்ல அந்தக் கட்டில்லயே போயிட்டாரு. சாகறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டாரு, நம்ம ரூமுக்கு எப்ப போறோம்னு. அதனால இந்த வீட்டுத் தண்ணிய இறக்க நான் விட மாட்டேன். வேற வழி சொல்லு."

க்ளிமென்டி மறுபடி கண்ணைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சொன்னான். "வேற வழின்னா ஒண்ணுதான். ஓடற தண்ணி லேசுல உறையாது. வீட்டு வால்வு ரெண்டையும் மூடிட்டு, திரும்பி வர்ற குழாயிலேர்ந்து உள்ள போற குழாய்க்குத் தண்ணியைத் தள்ளிக்கிட்டே இருக்கணும். எதை வெச்சுத் தள்ளுவீங்க? உங்க அகப்பையை வெச்சா?"

"அகப்பையை வெச்சுத்தான் தினம் நானூறு புள்ளைங்களுக்குக் கஞ்சி கிண்டறேன். கிண்டறதை நிறுத்துனா அடிபிடிக்கும். இங்க நிறுத்துனா உறையும். அவ்வளவுதானே?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குளிரில் உதடு வெடித்து வலித்ததோ என்னவோ, உடனே நிறுத்திக்கொண்டான். "திரும்பி வர்ற குழாய்ல தெர்மாமீட்டர் இருக்கு. இப்ப முப்பத்தொண்ணு காட்டுது. அஞ்சுக்கு வந்துச்சுன்னா நானே வந்து தண்ணியைத் திறந்து விட்டுடுவேன். அப்ப யாரும் என் கையைப் பிடிக்கக்கூடாது."

"அஞ்சு வரட்டும், பாப்போம்," என்றாள் அவள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்ப் எல்லோரிடமும் இருந்தது. ஆனால் ஊருக்கு வெளியே, கோடைவீட்டுத் தோட்டங்களில், இடுப்பளவு பனிக்கு அடியில் பூட்டிய கொட்டகைகளில் இருந்தது. நகரத்துக்குள் ஒன்றே ஒன்றுதான். இரண்டாம் வாசலில், பன்னிரண்டாம் எண் வீட்டில், இலையுதிர்காலத்தில் பழுது பார்ப்பதற்காகக் கொண்டுவந்தது. ப்ரொகோப்பியின் வீடு.

இதைச் சொன்னதும் எல்லோரும் லுகேரியாவைப் பார்த்தார்கள். ப்ரொகோப்பி தன் மினி பஸ்ஸை அவள் ஜன்னலுக்கு நேர் கீழேதான் நிறுத்துவான். எஞ்சினை அணைத்தால் இந்தக் குளிரில் மறுபடி கிளம்பாது என்பதால் ராத்திரி பகலாக ஓடவிட்டிருப்பான். புகை முழுக்க அவள் வீட்டுக்குள் போகும். அவள் நகராட்சிக்கு இரண்டு முறை மனு எழுதினாள். அவனுக்கு அபராதம் போட்டார்கள். இரண்டு வருடமாக இருவருக்கும் பேச்சு இல்லை.

"நான் வேணா போய்க் கேக்கட்டுமாக்கா?" என்றேன்.

"மனு எழுதினது நான். கேக்க வேண்டியதும் நான்தான். நீ கூட வா, போதும்."

ப்ரொகோப்பி சமையலறையில் உட்கார்ந்து உறைந்த மீனைக் கத்தியால் மெல்லிய சுருள்களாகச் சீவிக்கொண்டிருந்தான். உடம்பில் பனியன், தலையில் மென்மயிர்த் தொப்பி. எங்களைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

"யாரு, நம்ம சமையக்காரம்மாவா? இன்னைக்கும் மனுவா?"

"பம்ப் வேணும்."

"வணக்கம் கூடக் கிடையாதா?"

"வணக்கம். பம்ப் வேணும்."

"ரெண்டு வருஷமா என்னைப் பாத்தா மூக்கைப் பொத்திக்கிட்டுப் போறீங்க. இப்ப மட்டும் நாத்தம் போயிடுச்சா?"

"போகலை. உன் வண்டி இன்னும்தான் நாறுது. அதுவும் வேணும்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். "வண்டி எதுக்கு?"

"அதுல டீசல்ல ஓடற சூட்டுக்காத்து ஊதி இருக்குல்ல? அதையும் பேட்டரியையும் கழட்டித் தா. பம்ப் வீட்டடியில நிக்கணும். அங்க ஐம்பது டிகிரி குளிரு. பம்ப் உறைஞ்சா கதை முடிஞ்சுது. அப்புறம் வண்டிக்கு மேல போத்தற பஞ்சுப் போர்வையும் வேணும், குழாயைச் சுத்த."

"அம்மா, அதைக் கழட்டுனா எஞ்சின் நிக்கும். நின்னா மாசக்கணக்குல கிளம்பாது. வேற எதை வெச்சு நான் பொழைக்கிறது?"

"தெரிஞ்சுதான் கேக்கறேன்," என்றாள் லுகேரியா. அவள் குரல் முதன்முறையாக இறங்கியது. "எனக்கு உன்கிட்ட கேக்கப் பிடிக்கலை. ஆனா கேக்கறேன்."

உள்ளறையிலிருந்து அவன் மனைவி அலெவ்தீனா இடுப்பில் கையை ஊன்றியபடி வந்து நின்றாள். ஏழாவது மாதம். கம்பளிப் போர்வையை மேலே சுற்றியிருந்தாள். "என்னை எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் மே மாசம் வரைக்கும் வெச்சிருக்கப் போறீங்களா? அவங்ககூட ஒரே ரூம்ல நாலு மாசம் இருந்துடுவீங்களா?"

ப்ரொகோப்பி சீவி வைத்திருந்த மீனை ஒரு தடவை பார்த்தான். இரண்டு சுருளை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு எழுந்தான். "மாமியார் வீடுன்னா நான் உறைஞ்சே செத்துடுவேன். சமையக்காரம்மா, அந்த ஸ்பேனர் பையை எடுங்க. பம்ப் கட்டில் அடியில இருக்கு."

வீட்டடியில் நுழைய மூன்றே பேருக்குத்தான் உடம்பு இடம் கொடுத்தது. ப்ரொகோப்பி, லுகேரியா, நான். பலகையை நீக்கித் தவழ்ந்து போனோம். தரை இரும்பாக இருந்தது. மூச்சு விட்டால் காதருகே சரசரவென்று சத்தம் கேட்டது, விட்ட மூச்சு பனித்தூளாகி உதிர்ந்தது. மூக்குக்குள் மயிர் எல்லாம் ஊசியாகி நின்றது. ஸ்பேனரைத் துணி சுற்றாமல் தொட்டால் தோல் அதோடு போய்விடும்.

ரப்பர்க் குழாய் கட்டையாக விறைத்திருந்தது. வளைத்தால் உடையும். மேலேயிருந்து வாளி வாளியாக வெந்நீர் இறக்கினார்கள். அதில் குழாயை ஊறவைத்து, இளகிய அரை நிமிடத்துக்குள் ப்ரொகோப்பி ஒரு முனையை மாட்டினான். மறுமுனைக்கு மறுபடி ஒரு வாளி. பம்புக்கு மின்சாரம் லுகேரியாவின் வீட்டுத் தரைப்பலகையில் ஓட்டை போட்டு இறக்கினோம். சூட்டுக்காற்று ஊதியைப் பம்புக்குப் பக்கத்தில் வைத்து, அதன் புகைக்குழலை மட்டும் வெளியே நீட்டி, மினி பஸ்ஸின் பஞ்சுப் போர்வையால் எல்லாவற்றையும் கூடாரம் மாதிரி மூடினோம். மேலே பெண்கள் எல்லா வீட்டு காஸ் அடுப்பையும் எரியவிட்டு, புகை தங்காமல், ஜன்னலின் மேல்மூலையில் சின்னக் கதவாக இருக்கும் மேல்ஜன்னலை விரலளவு திறந்து, அடுப்புக்கு ஒரு ஆளைக் காவல் வைத்தார்கள். அறைகள் வாங்கும் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு கீழே வர வேண்டும். அதுதான் கணக்கு.

தெர்மாமீட்டரைப் பார்ப்பது என் வேலை. டார்ச் வெளிச்சத்தில் முதலில் பார்த்தபோது பத்தொன்பது. குழாய் மாட்டி முடிப்பதற்குள் பதினான்கு. ப்ரொகோப்பி சுவிட்சைப் போடச் சொல்லிக் கத்தினான். பம்ப் ஒரு தடவை உறுமியது, நின்றது, மறுபடி உறுமியது. குழாய்க்குள் தண்ணீர் நகரும் சத்தம் என் தலைக்கு மேலே கேட்டது.

"ஓடுதுடி அனிஸி!" என்றாள் லுகேரியா.

ஓடியது. ஆனால் முள் நிற்கவில்லை. பதினொன்று. ஒன்பது. மதியம் ஒரு மணிக்கு எட்டு.

"எங்கயோ குளிர் உள்ள வருது," என்றான் ப்ரொகோப்பி. "எல்லா வீட்டையும் பாத்தாச்சா?"

"ஒண்ணாம் நம்பர் மட்டும் பூட்டியிருக்கு. யெகோர் கிராமத்துக்குப் போயிருக்காரு," என்றாள் லுகேரியா.

நான் வெளியே போய் மூலைப் பக்கம் அண்ணாந்து பார்த்தேன். யெகோர் வீட்டு மேல்ஜன்னல் ஒரு கை அகலத்துக்குத் திறந்திருந்தது. ரேடியேட்டர் கொதிக்கிற நாட்களில் எல்லோரும் அப்படித் திறந்து வைப்போம், அவரும் திறந்து வைத்துவிட்டு மூட மறந்துபோயிருக்கிறார். ரேடியேட்டர் ஆறியதிலிருந்து ஐம்பத்து மூன்று டிகிரிக் குளிர் நேராக அந்த அறைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டையே சுற்றிவரும் தண்ணீர் அந்த அறை ரேடியேட்டரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அங்கே அடைத்தால் பம்ப் ஓடியும் பயனில்லை.

யெகோருக்கு ஆறு தடவை போன் செய்தோம். குளிர்காலத்தில் சாலையாகிவிடும் உறைந்த ஆற்றின் மேல் எங்கோ காரில் போய்க்கொண்டிருந்திருப்பார். தொடர்பு கிடைக்கவில்லை.

"ஏணி வெச்சு வெளியிலேர்ந்து சாத்தலாம்," என்றார் ஒருவர். ஏறிப் பார்த்தார்கள். ஜன்னல் சட்டம் முழுக்க பனிக்கட்டி கட்டியிருந்தது, அசையவில்லை.

லுகேரியா கோடாலியோடு யெகோரின் கதவு முன்னால் நின்றாள். "அவரு ரொம்பக் கறாரான ஆளு. செருப்பைக் கோடு போட்டு வெக்கற மனுஷன். நாளைக்கு போலீஸ்ல சொன்னா நான்தான் உடைச்சேன்னு சொல்லுங்க. வேற யாரு பேரும் வர வேண்டாம்." முதல் வெட்டு அவளே வெட்டினாள். மூன்றாவது வெட்டில் கோடாலியை ப்ரொகோப்பி வாங்கிக்கொண்டான்.

உள்ளே வெளியை விட அமைதியான ஒரு குளிர். சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியில் பனிப்பூ. மேசைமேல் ஒரு கோப்பைத் தேநீர் கல்லாகியிருந்தது. ரேடியேட்டரின் கடைசிக் கண்ணியில் கை வைத்தேன். குளிர்ந்த இரும்பு, ஆனால் உள்ளே இன்னும் ஏதோ மெல்ல நகர்ந்தது. திறந்திருந்த மேல்ஜன்னலில் தலையணையைத் திணித்து, மேலே கம்பளியை வைத்து ஆணி அடித்தோம். அடுப்பைப் பற்றவைத்தோம். பக்கத்து வீட்டு வெந்நீர்ப் பாத்திரங்களைக் கொண்டுவந்து ரேடியேட்டரைச் சுற்றி வைத்தோம்.

நான் மறுபடி தவழ்ந்துபோய் டார்ச்சை அடித்தேன். ஏழு.

கால் மணி நேரம் கழித்தும் ஏழு.

அரை மணி நேரம் கழித்து முள் எட்டைத் தொட்டது. நான் சத்தமாகச் சொன்னேன். தரைப்பலகை வழியாக மேலே கைதட்டும் சத்தம் வந்தது.

அதற்குப் பிறகு வேலை வெறும் காவல்தான். கால் மணிக்கு ஒருமுறை முறை மாறினோம். நான்கு மணிக்கே வெளிச்சம் போய்விட்டது. தெருமுனையில் வெல்டிங் நீலம் மூட்டத்துக்குள் மின்னிக்கொண்டிருந்தது. லுகேரியா குதிரை எலும்பு சூப் வைத்து, கேனில் ஊற்றிக் குழாய்க்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பி வந்து எங்களுக்குச் சொன்னாள்: "ஒருத்தன் படுத்துக்கிட்டுப் பத்தவைக்கிறான், இன்னொருத்தன் அவன் மேல போர்வையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறான். பத்து நிமிஷத்துக்கு ஒருத்தர் மாத்திக்கறாங்க. நாம இங்க அலுத்துக்கக் கூடாது."

நாலரை மணிக்கு என் முறை முடிந்து நான் வெளியே தவழ்ந்து வந்துகொண்டிருந்தேன். லுகேரியா உள்ளே போனாள். பின்னால் வெடி மாதிரி ஒரு சத்தம். அடுத்த நொடி தண்ணீர் பீய்ச்சும் சத்தம். மாட்டியிருந்த கம்பி வளையம் குளிரில் விட்டுப்போய் ரப்பர்க் குழாய் கழன்றுவிட்டது.

"பம்பை நிறுத்தாதீங்க!" என்று லுகேரியா கத்தினாள். "நான் பிடிச்சிருக்கேன்! ப்ரொகோப்பியை வரச் சொல்லு!"

மேலே ப்ரொகோப்பியைக் கூப்பிட்டுக் கத்திவிட்டு நான் திரும்பித் தவழ்ந்தேன். அவள் மல்லாந்து படுத்து, குழாய் முனையை இரும்பு வாயில் அழுத்தி இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். விரல் இடுக்கிலிருந்து தண்ணீர் தெறித்து முழங்கை வரை நனைத்தது. நனைத்த இடம் எல்லாம் என் கண்ணெதிரே வெள்ளையாக இறுகிக்கொண்டிருந்தது.

"அக்கா, விட்டுடுங்க, கை போயிடும்!"

"விட்டா தண்ணி எல்லாம் வெளிய போயிடும். என்ன காட்டுது, அதைச் சொல்லு."

"ஆறு."

"ஆறு தானே? அஞ்சு இல்லையே?"

ப்ரொகோப்பி வந்து சேர மூன்று நிமிடம் ஆகியிருக்கும். புது வளையம் தேடி, வெந்நீரோடு வந்தான். அவள் விரல்களைத் தாண்டி வளையத்தைச் செலுத்த முடியவில்லை. கையுறை குழாயோடு ஒட்டிப்போயிருந்தது. கத்தியால் கையுறையைக் கிழித்து, அவள் கையை அதற்குள்ளிருந்து உருவினான். வளையத்தை முறுக்கினான். பீய்ச்சல் நின்றது.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

"இல்லை."

"அப்ப மோசம்," என்றான். "அனிஸி, இழுத்துக்கிட்டுப் போ."

நான் பல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். உறைந்த விரலை வாழ்நாளில் பத்துப் பதினைந்து தடவை பார்த்திருக்கிறேன். என் சமையலறையில் வெதுவெதுப்பான தண்ணீரில் அவள் கைகளை வைத்தேன். தேய்க்கவில்லை. வலது கையின் நான்கு விரல் மெழுகு மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் உணர்வு திரும்பத் தொடங்கியது, அப்போதுதான் அவளுக்கு வலித்தது. மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, "இப்ப எவ்வளவு, இப்ப எவ்வளவு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கீழே இருந்து ப்ரொகோப்பி ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் எண்ணைக் கத்தினான். ஆறு. ஆறு. ஆறரை. ஆம்புலன்ஸ் வந்து நின்றபோதும் அவள் ஏறவில்லை.

"பெரியம்மா, விரலு முக்கியமா, குழாய் முக்கியமா?" என்று ஆம்புலன்ஸ் பையன் அதட்டினான்.

"ரெண்டும்தான். அஞ்சு நிமிஷம் இரு."

பதினைந்து நிமிடம் ஆனது. ஆறே முக்கால் மணிக்கு க்ளிமென்டி முற்றத்துக்கு வந்தான். நடக்கவில்லை, ஏறக்குறைய தள்ளாடினான். நேராக வீட்டடிக்குள் புகுந்தான். தண்ணீரை இறக்கத்தான் வந்துவிட்டானோ என்று நினைத்தேன். பெரிய வால்வு முதலில் சத்தமில்லாமல் கிடந்தது, பிறகு கிறீச்சிட்டது. வீட்டுச் சுவர்களுக்குள் எங்கெங்கோ டொக் டொக்கென்று தட்டியது. குழாய்கள் சூட்டில் நீண்டு மரத்தில் முட்டும் சத்தம்.

"முப்பது!" என்று கீழேயிருந்து கேட்டது. பிறகு "நாப்பத்தஞ்சு!"

ஆம்புலன்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றிருந்த லுகேரியா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். யாரும் அவளைச் சமாதானப்படுத்தப் போகவில்லை. அழட்டும் என்று விட்டுவிட்டோம்.

மூன்று விரல்கள் பிழைத்தன. ஆள்காட்டி விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள், நகத்தோடு சேர்த்து. பதினாறு வீட்டில் ஒரே ஒரு ரேடியேட்டர் வெடித்திருந்தது, அது மாடிப்படியில் இருந்தது. செவ்வாய்க்கிழமை யெகோர் வந்தார். எல்லாவற்றையும் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஜன்னலை ஒருத்தர் மூட மறந்தா கதவை உடைப்பீங்களா?" என்று கத்தினார். புதுக்கதவு நாங்கள் சேர்ந்து போட்டுக் கொடுத்தோம். கீல் சத்தம் போடுகிறது என்று இன்றைக்கும் குறை சொல்கிறார். மன்னித்தாரா என்று தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மினி பஸ் மூன்று வாரம் பனிக்கட்டியாகக் கிடந்தது. ப்ரொகோப்பி அந்த மூன்று வாரமும் வேறொருவர் வண்டியில் கூலி ஓட்டுநராகப் போய்வந்தான். பிப்ரவரி முதல் ஞாயிறு வண்டியைச் சுற்றித் தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, எல்லோருமாக நான்கு மணி நேரம் சூட்டுக்காற்று ஊதினோம். எஞ்சின் இருமிக்கொண்டு கிளம்பியது. அன்று சாயங்காலம் லுகேரியா அவன் வீட்டுக்கு ஒரு சட்டி இறைச்சிக் கொழுக்கட்டை கொடுத்தனுப்பினாள். அவன் சட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது, "உப்பு கம்மி" என்றான். அவள் வாசலில் நின்று சிரித்தாள்.

அவள் கைக்கு நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். ஒருநாள் கட்டு மாற்றும்போது, "காகிதமும் பேனாவும் எடுத்துக்கோ, நான் சொல்றதை எழுது," என்றாள். எங்கள் வீட்டடியில் நிரந்தரமாக ஒரு சுற்றோட்டப் பம்பும், மின்சாரம் போனால் ஓட ஒரு பேட்டரியும் வைக்கச் சொல்லி விண்ணப்பம். பதினாறு வீட்டுக் கையெழுத்து. யெகோர் கூடப் போட்டார். அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு அவள் அலுவலகத்துக்குப் போனாள். பார்க்கலாம் என்றார்கள். மறுபடி போனாள். அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கிறோம் என்றார்கள். மறுபடி போனாள். ஒன்பதாவது தடவை, கட்டுப் பிரித்த கையை அதிகாரியின் மேசைமேல் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தாளாம், மதிய உணவு நேரம் வரை.

மார்ச் கடைசியில் பம்ப் வந்தது. க்ளிமென்டிதான் மாட்டினான். வெளியே மைனஸ் இருபத்தாறு. ஆட்கள் கோட்டுப் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நடந்தார்கள். அவன் முடித்து வெளியே வந்ததும், "வேண்டாம் அக்கா, துணி அழுக்காயிடும்" என்று அவன் சொல்லச் சொல்லக் கேட்காமல், லுகேரியா தானே தவழ்ந்து உள்ளே போனாள். பலகைக்கு அடியில் அவளுடைய பூட்ஸ் மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு பின்புறமாகத் தவழ்ந்து வெளியே வந்து, முழங்காலில் ஒட்டிய பனியைத் தட்டிவிட்டாள்.

"பம்ப் நல்லா இருக்கு," என்றாள். "ஆனா அந்த மூலைச் சுவருல குளிருக்கு அடைச்ச பஞ்சு எல்லாம் உதிர்ந்து போயிருக்கு, விரல் விட்டாக் காத்து வருது. அனிஸி, இன்னொரு காகிதம் எடுத்துட்டு வா."